அனபீனாவில் ஒரு செல் சுவர் புரதம் ஹெட்டிரோசிஸ்ட்டுக்குத் தேவையா? சோதித்து அறிய முழுமையான வழிகாட்டி

அனபீனா, செல்களை இழையாகக் கோத்து வாழும் நீலப்பச்சை பாக்டீரியம். நைட்ரஜன் சேர்மம் தீர்ந்தால் அதன் சில செல்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் ஹெட்டிரோசிஸ்ட்டுகளாக மாறும். அதில் செல் சுவரைக் கட்டும் புரதம் ஒன்றின் ஜீனை நீக்குகிறோம். அந்த மியூட்டன்ட்டை நைட்ரஜன் சேர்மம் இல்லாத மீடியத்தில் விடுகிறோம். இரண்டு நாளில் கல்ச்சர் மஞ்சளடித்துவிடுகிறது. உடனே "இந்தப் புரதம் ஹெட்டிரோசிஸ்ட் உருவாகத் தேவை" என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். புதிதாக வரும் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் அவசரம் இது. மஞ்சளடிக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கும் செல் வேறுபாட்டுக்கும் (ஒரு செல் தனி வேலைக்கென மாறுவதற்கும்) எந்தத் தொடர்பும் கிடையாது.

கீழே உள்ள வரிசை அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதற்கானது. உயிரி: அனபீனா பிசிசி 7120. நாஸ்டாக் பிசிசி 7120 என்ற பெயரிலும் இதே வகையைக் காண்பீர்கள். படிகளை முன்பின்னாக மாற்றாதீர்கள். ஒரு படியின் முடிவு தெரியாமல் அடுத்த படியில் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

1. கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நைட்ரேட்டோ அம்மோனியமோ தீர்ந்துபோனால், அனபீனா இழையில் ஏறக்குறைய 10 முதல் 20 செல்லுக்கு ஒன்று ஹெட்டிரோசிஸ்ட்டாக மாறும். வைல்ட் டைப்பில் (ஜீன் எதையும் நீக்காத இயல்பு வகையில்) இதற்குச் சுமார் 24 மணி நேரம் ஆகும். அதன்பின் அந்தச் செல் பிரிவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி மற்ற செல்களுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை.

இந்த மாற்றத்தில் செல் சுவர் பல இடங்களில் குறுக்கிடுகிறது. முதலாவது, சாதாரண உடல செல்கள் வளர்ந்து பிரிவதற்கே செல் சுவரின் முக்கியப் பொருளான பெப்டிடோகிளைக்கான் உற்பத்தி தேவை. இரண்டாவது, எந்தச் செல் மாறும் என்ற தேர்வு. ஹெட்ஆர் புரதம் மாற்றத்தைத் தூண்டுகிறது, பேட்எஸ் என்ற புரதத்திலிருந்து வரும் சிறு பெப்டைடு பக்கத்துச் செல்களைத் தடுக்கிறது. அந்தச் செய்தி செல்லிலிருந்து செல்லுக்குப் போக வழி வேண்டும். மூன்றாவது, ஹெட்டிரோசிஸ்ட்டின் உறை. சுவருக்கு வெளியே கிளைக்கோலிப்பிட் (சர்க்கரை சேர்ந்த கொழுப்பு) அடுக்கு ஒன்றும், அதற்கும் வெளியே பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி) அடுக்கு ஒன்றும் படிகின்றன. நான்காவது, முதிர்ந்த ஹெட்டிரோசிஸ்ட்டுக்கும் அண்டைச் செல்லுக்கும் இடையிலான குறுக்குச்சுவர். சர்க்கரை உள்ளே வருவதும் நைட்ரஜன் சேர்மம் வெளியே போவதும் அதன் வழியாகத்தான்.

உங்கள் புரதம் இந்த நான்கில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. அமிசி1, அமிசி2 என்ற இரண்டு அமிடேஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெப்டிடோகிளைக்கானை வெட்டும் ஒரே குடும்பத்து என்சைம்கள், ஜீன்கள் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. அமிசி1 இல்லாத இழையில் செல்களுக்கிடையிலான பரிமாற்றமும் ஹெட்டிரோசிஸ்ட் உருவாக்கமும் கெடுகின்றன, ஆனால் இழை உடைவதில்லை. அமிசி2-ஐ முதலில் ஆராய்ந்தவர்கள் அதற்கு ஹெச்சிடபிள்யூஏ என்று பெயரிட்டு, ஹெட்டிரோசிஸ்ட்டின் முதிர்ச்சிக்குத் தேவையான புரதம் என்று 2001-ல் அறிவித்தார்கள். இரண்டு மியூட்டன்ட்டுகளையும் வெறும் கண்ணால் பார்த்தால் நைட்ரஜன் இல்லாத பிளேட்டில் "வளரவில்லை" என்ற ஒரே விடைதான் கிடைக்கும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அனபீனா பிசிசி 7120-இன் வைல்ட் டைப், உங்கள் மியூட்டன்ட், கூடவே ஹெட்ஆர் மியூட்டன்ட். மூன்றாவதைப் பலர் வாங்கி வைப்பதே இல்லை. ஹெட்டிரோசிஸ்ட் துளிகூட வராத இழை உங்கள் விளக்கில், உங்கள் மீடியத்தில் எப்படித் தோன்றும் என்று காட்டுவது அதுதான்.

அனபீனா வேரியபிலிஸை மாற்றாகப் பயன்படுத்தாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத நிலையில் அது உடல செல்களிலேயே இன்னொரு நைட்ரஜினேஸை (நைட்ரஜனை நிலைநிறுத்தும் என்சைமை) உருவாக்கும். எட்டாவது படியின் தர்க்கமே அதில் குலைந்துபோகும். பிசிசி 7120-க்கு அந்த இரண்டாவது என்சைம் கிடையாது.

பிஜி-11 மீடியத்தில் சோடியம் நைட்ரேட் லிட்டருக்கு 1.5 கிராம், அதாவது சுமார் 17.6 மில்லிமோலார். நைட்ரேட்டை விட்டுவிட்டால் அது பிஜி-11 பூஜ்யம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஸ்டாக் கரைசல்களிலிருந்து தயாரியுங்கள். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டில் கொஞ்சம் அம்மோனியம் இருக்கிறது. பல ஆய்வகங்கள் அதை அப்படியே விடுகின்றன. நீங்களும் விடலாம், ஆனால் ஒப்பிடும் எல்லா கல்ச்சர்களுக்கும் ஒரே ஸ்டாக்காக இருக்கட்டும்.

சிறுதாது ஸ்டாக்கை இரண்டு விதமாகச் செய்து வையுங்கள்: காப்பர் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. வழக்கமான பிஜி-11-இல் காப்பர் சல்ஃபேட் சுமார் 0.3 மைக்ரோமோலார் இருக்கிறது. காப்பரால் தூண்டப்படும் பெட்ஈ புரோமோட்டரை (ஜீனை இயக்கும் டிஎன்ஏ பகுதியை) இயக்க அதுவே போதும். "தூண்டாத" கண்ட்ரோலில் புரதம் உற்பத்தியாகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஸ்டாக்கை மறந்தவர்கள்.

30 டிகிரி செல்சியஸ், மிதமான வெள்ளை ஒளி, மெதுவான குலுக்கல். எல்லா ஃபிளாஸ்க்குக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கிறதா என்று ஒளிமானியால் அளந்து பாருங்கள். ஷேக்கரின் ஓரத்திலும் நடுவிலும் ஒளி ஒன்றுபோல இருக்காது.

3. மியூட்டன்ட் முழுமையானதா? இங்கே அவசரப்படாதீர்கள்

எல்லாச் சிக்கலுக்கும் வேர் பெரும்பாலும் இந்தப் படிதான். அனபீனாவின் ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம் பல நகல்களாக இருக்கிறது. நீங்கள் நீக்கிய ஜீன் ஒரு நகலில் போயிருக்கும், மற்றவற்றில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆன்டிபயாட்டிக் பிளேட்டில் பச்சையாக வளர்வதால் மட்டும் மியூட்டன்ட் முழுமையாகிவிடாது.

ஈ.கோலை பாக்டீரியத்திலிருந்து கான்ஜுகேஷன் (பாக்டீரியங்கள் தமக்குள் டிஎன்ஏ கடத்துவது) மூலம் பிளாஸ்மிடை (சிறு வளைய டிஎன்ஏவை) ஏற்றி, காலனிகள் வர 2 முதல் 3 வாரம் காத்திருக்கிறீர்கள். அந்தப் பிளாஸ்மிடில் சாக்பி ஜீன் இருந்தால் அடுத்து 5 சதவீதம் சுக்ரோஸ் உள்ள பிளேட்டில் தேர்வு. சாக்பி வேலை செய்யும் செல் சுக்ரோஸில் சாகும். பிளாஸ்மிடின் உடற்பகுதியைக் கழற்றிவிட்ட செல் பிழைக்கும். சாக்பி-யே கெட்டுப்போன செல்லும் பிழைக்கும் என்பதால், பிழைத்த காலனி ஒவ்வொன்றையும் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் முறையில்) பார்த்தே ஆக வேண்டும்.

பிசிஆரை நீக்கிய பகுதிக்கு வெளியே இருபுறமும் ஒட்டும் பிரைமர்களால் (சிறு டிஎன்ஏ துண்டுகளால்) செய்யுங்கள். வைல்ட் டைப் பட்டை ஒரு நீளம், மியூட்டன்ட் பட்டை வேறு நீளம். பிறகு, நீக்கிய ஜீனுக்குள்ளேயே ஒட்டும் பிரைமர் ஜோடியால் இன்னொரு பிசிஆர், கூடுதல் சுழற்சிகளோடு. மெல்லிய பட்டை ஒன்று தென்பட்டாலும் அந்த காலனி இன்னும் கலப்புதான். அதைப் புதிய பிளேட்டில் மறுபடி மறுபடி கோடு இழுத்துப் பிரித்தெடுங்கள். காலனியைத் தனியாக்கும் முன் இழைகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக்கொள்வது நல்லது. ஒரே நீண்ட இழையில் பல மரபு வகைச் செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும்.

எத்தனை முறை பிரித்தாலும் வைல்ட் டைப் பட்டை போகவில்லையா? அந்த ஜீன் இல்லாமல் செல் வாழாது என்பதற்கு அது வலுவான அறிகுறி. நான்காவது படிக்குப் போங்கள். அரைகுறை மியூட்டன்ட்டை வைத்துக்கொண்டு ஐந்தாவது படிக்குத் தாண்டாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் தேர்விலும் ஓர் எச்சரிக்கை. சுவர் ஆய்வில் ஆம்பிசிலின், கார்பெனிசிலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகளைத் தொடவே கூடாது. நாம் ஆராயும் பெனிசிலின் பிணைப்புப் புரதங்களைத்தான் (சுவரைக் கட்டிச் சீராக்கும் என்சைம்களைத்தான்) அவை முடக்குகின்றன. மிஞ்சிய ஈ.கோலையைக் கொல்ல "கொஞ்சம் ஆம்பிசிலின் போட்டேன்" என்ற ஒரு வரி மொத்தச் சோதனையையும் செல்லாததாக்கிவிடும். நியோமைசினோ ஸ்பெக்டினோமைசினோ போதும். சோதனைக்கு முந்தைய கல்ச்சரிலும் சோதனையிலும் அதையும் எடுத்துவிடுங்கள். வைல்ட் டைப்புக்கு மருந்து இல்லை, மியூட்டன்ட்டுக்கு மட்டும் மருந்து என்றால் ஒப்பீடு எங்கே இருக்கிறது?

அடுத்தடுத்த ஜீன்கள் ஒரே ஓபரானில் (ஒன்றாகப் படியெடுக்கப்படும் ஜீன் தொகுதியில்) இருந்தால், நடுவில் செருகிய மருந்துத்தடை கேசட் (ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் ஜீன் துண்டு) பின்னால் வரும் ஜீனையும் அடக்கக்கூடும். அமிடேஸ் ஜீன்கள் போல அருகருகே இருப்பவற்றில் இது நிஜமான அபாயம். முடிந்தவரை கேசட் இல்லாத, ரீடிங் ஃபிரேம் (ஜீனின் மூன்றெழுத்து வாசிப்பு வரிசை) குலையாத நீக்கமாகச் செய்யுங்கள்.

4. ஜீன் இன்றியமையாததாக இருந்தால்

செல் பிரிவுக்குரிய டிரான்ஸ்பெப்டிடேஸான (சுவரின் பெப்டைடுகளைக் கோக்கும் என்சைமான) எஃப்டிஎஸ்ஐ போன்றவற்றை முழுதாக நீக்க முடியாது. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜீனைக் கட்டுப்படுத்தக்கூடிய புரோமோட்டரின் கீழ் வைத்து மெதுவாகக் குறைப்பது ஒன்று. அந்தப் புரதத்தைத் தாக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பது மற்றொன்று. அஸ்ட்ரியோனம் பிரிவுக்குரிய டிரான்ஸ்பெப்டிடேஸைக் குறிவைக்கிறது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. செல் பிரிவைத் தடுத்தாலே ஹெட்டிரோசிஸ்ட் உருவாக்கம் அடங்கிவிடும் என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அஸ்ட்ரியோனம் கொடுத்தபோதும், வேறு வழிகளில் பிரிவை நிறுத்தியபோதும் அதே விளைவுதான். ஆகவே எஃப்டிஎஸ்ஐ குறைந்த இழையில் ஹெட்டிரோசிஸ்ட் வரவில்லை என்றால், அந்தப் புரதம் வேறுபாட்டில் நேரடியாகப் பங்கேற்கிறது என்று ஆகாது. பிரிவு நின்றதன் பின்விளைவாக இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய, மருந்தின் அளவை ஏணிபோல் வையுங்கள். ஒவ்வொரு அளவிலும் செல் நீளத்தையும் ஹெட்டிரோசிஸ்ட் சதவீதத்தையும் சேர்த்து அளவிடுங்கள். செல்கள் நீண்டு வீங்கத் தொடங்கும் அளவுக்குக் கீழேயே ஹெட்டிரோசிஸ்ட் குறைந்தால் கவனிக்கத்தக்க விஷயம். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்தால் "பிரிவு தடைப்பட்டது" என்பதற்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். மருந்தைக் கொடுக்கும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள்: நைட்ரஜனை நீக்குவதற்கு முன், நீக்கும்போது, நீக்கி 12 மணி நேரம் கழித்து. தேர்வு முடிந்தபின் கொடுத்த மருந்தும் உறையைக் கெடுக்கிறதென்றால், அது தனிச் செய்தி.

5. நைட்ரஜனை நீக்குவது

முன் கல்ச்சர் ஏறுமுக வளர்ச்சியில் இருக்க வேண்டும். அடர்ந்து கரும்பச்சையான பழைய ஃபிளாஸ்க்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஒளி போதாமலும் கார்பன் போதாமலும் தவிக்கும் செல்கள் நைட்ரஜன் குறைவுக்கு ஒருசேரப் பதில் தராது. அடர்த்தியை 750 நானோமீட்டரில் அளக்க வேண்டும். 600 பக்கத்தில் நிறமிகள் ஒளியை உறிஞ்சுவதால் எண் ஏமாற்றும், அதிலும் நைட்ரஜன் பட்டினியில் நிறமியே குறைந்துகொண்டிருக்கும்.

நைட்ரேட்டில் வளர்த்த கல்ச்சரிலும் ஓரிரு ஹெட்டிரோசிஸ்ட் தென்படலாம். பூஜ்ய மணியில் எண்ணிக்கை உண்மையிலேயே பூஜ்யமாக இருக்க வேண்டுமென்றால் அம்மோனியம் குளோரைடில் வளர்த்துக்கொள்ளுங்கள். சில மில்லிமோலார் போதும். அம்மோனியத்தைச் செல்கள் எடுத்துக்கொள்ளும்போது மீடியம் அமிலமாகும், ஆகவே டெஸ் போன்ற பஃபரை (அமில அளவை மாறாமல் வைக்கும் பொருளை) கட்டாயம் சேருங்கள். பஃபர் இல்லாமல் மூன்றாம் நாள் வெளுத்துப்போன கல்ச்சரை "மியூட்டன்ட்டின் குணம்" என்று கொண்டுவருகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கழுவுதல் ஏன் மூன்று முறை என்பதற்குக் கணக்கு எளிது. 50 மி.லி. கல்ச்சரை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே உள்ளதை ஊற்றிவிட்டால் அடியில் 1 மி.லி. தங்கும். ஒரு கழுவலில் 17.6 மில்லிமோலார் நைட்ரேட் 350 மைக்ரோமோலாராகிறது. அது செல்களுக்கு இன்னும் நல்ல உணவு. இரண்டாம் கழுவலில் 7 மைக்ரோமோலார், மூன்றாவதில் 0.14. ஒரே கழுவலோடு நிறுத்தினால் உங்கள் பூஜ்ய மணி எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. வெவ்வேறு ஃபிளாஸ்க்கில் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியிருக்கும்.

மெதுவான வேகத்தில், அறை வெப்பநிலையில் சுற்றுங்கள். பெல்லட்டை (அடியில் படிந்த செல்களை) வோர்டெக்ஸ் கருவியில் பிடிக்காதீர்கள். குறுகிய முனை பைப்பெட்டால் உறிஞ்சி உமிழாதீர்கள். ஃபிளாஸ்க்கைச் சாய்த்துச் சுழற்றினாலே பெல்லட் விரிந்துவிடும், இல்லையென்றால் முனையை அகலமாக வெட்டிய டிப்பைப் பயன்படுத்துங்கள். சுவர் மியூட்டன்ட்டுகளின் இழை எளிதில் முறியும். இங்கே நீங்கள் முறித்ததை ஆறாவது படியில் மியூட்டன்ட்டின் தலையில் கட்டக் கூடாது.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று ஃபிளாஸ்க்: பிஜி-11 பூஜ்யம், நைட்ரேட் உள்ளது, அம்மோனியம் உள்ளது. மூன்றுமே கழுவப்பட்டவையாக இருக்க வேண்டும். கழுவாத நைட்ரேட் ஃபிளாஸ்க் கண்ட்ரோல் ஆகாது. மூன்றும் தொடங்கும்போது ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும்.

6. பார்ப்பதும் எண்ணுவதும்

0, 6, 9, 12, 18, 24, 48 மணி. ஒன்பதையும் பன்னிரண்டையும் தவறவிடாதீர்கள். உறையின் பாலிசாக்கரைடு படியத் தொடங்குவது அந்த வாக்கில்தான், மாறத் தொடங்கிய செல் பின்வாங்க முடியாத கட்டத்துக்குப் போவதும் ஏறக்குறைய அப்போதுதான். 24 மணியில் மட்டும் பார்த்தால், தொடங்கவே இல்லாததும் தொடங்கிப் பாதியில் நின்றதும் ஒன்றுபோலத் தோன்றும்.

கலரைக் கவனியுங்கள். வைல்ட் டைப் முதல் நாளில் நீலப்பச்சையிலிருந்து மஞ்சள்பச்சைக்கு வரும். செல்கள் தம் ஃபைக்கோபிலிசோம்களை (ஒளியைப் பிடிக்கும் நீல நிறமித் தொகுதிகளை) சிதைத்து அந்த நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன. ஹெட்டிரோசிஸ்ட்டுகள் வேலையைத் தொடங்கியதும் நீலம் திரும்பி வரும். திரும்பி வராத ஃபிளாஸ்க்தான் உங்களுக்குரியது.

மைக்ரோஸ்கோப்பில் 100x எண்ணெய் லென்ஸ். முதிர்ந்த ஹெட்டிரோசிஸ்ட்டைப் பக்கத்துச் செல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது சற்றுப் பெரியது, உள்ளே மணிகளின்றி ஒரே சீராக இருக்கும், விளிம்பு தடித்திருக்கும். அண்டைச் செல்லைத் தொடும் இடத்தில் கழுத்துபோல் குறுகும். அந்தக் கழுத்தின் உட்புறத்தில் ஒளியைத் தெறிக்கும் ஒரு புள்ளி தெரியும். அது சயனோஃபைசின் என்ற நைட்ரஜன் சேமிப்புப் பொருள் சேர்ந்த துருவ முடிச்சு. இழையின் நடுவில் உள்ள ஹெட்டிரோசிஸ்ட்டில் இரண்டு முடிச்சு, நுனியில் உள்ளதில் ஒன்று. சிவப்பு ஒளிர்வில் பார்த்தால் ஹெட்டிரோசிஸ்ட் மங்கலாக இருக்கும். பிஜி-11 பூஜ்யத்தில் வைல்ட் டைப்பை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டபின் மியூட்டன்ட்டுக்குப் போங்கள்.

அல்சியன் நீலம் பாலிசாக்கரைடு உறையை நீலமாக்கும். ஒரு துளி சாம்பிளோடு ஒரு துளி சாயம், சில நிமிடம், அவ்வளவுதான். மலிவானது, உடனே விடை தரும். செல் நீலமாகியும் துருவ முடிச்சு இல்லையென்றால் பாதியில் நின்றது என்று பொருள். கிளைக்கோலிப்பிட் அடுக்கை அல்சியன் நீலம் காட்டாது. அதற்கு லிப்பிடுகளைக் கரைத்தெடுத்து மென்படல குரோமட்டோகிராஃபியில் பார்க்க வேண்டும்.

எண்ணும்போது மூன்று விதி. சாம்பிளின் பெயரை வேறொருவர் மறைத்துத் தரட்டும். இரண்டு ஹெட்டிரோசிஸ்ட்டுக்கு இடையே எத்தனை உடல செல் என்று எண்ணுங்கள், வெறும் சதவீதம் போதாது. நுனி ஹெட்டிரோசிஸ்ட்டையும் நடு ஹெட்டிரோசிஸ்ட்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது விதி ஏன் என்றால், சுவர் கெட்ட இழை பெரும்பாலும் ஹெட்டிரோசிஸ்ட்டும் உடல செல்லும் ஒட்டும் மூட்டில் உடைகிறது. உடைந்து கழன்ற தனி ஹெட்டிரோசிஸ்ட்டுகள் மீடியத்தில் மிதக்கும், கண்ணில் படுவது ஹெட்டிரோசிஸ்ட் இல்லாத குட்டை இழைகள் மட்டும். "உருவாகவில்லை" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் உருவாகி, கழன்று போயிருக்கும். ஆகவே இழை நீளத்தையும் தனியே மிதக்கும் செல்களையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். செப்ஜே, ஃப்ராசி, ஃப்ராடி ஆகிய குறுக்குச்சுவர் புரதங்களின் மியூட்டன்ட்டுகள் நைட்ரஜனை நீக்கியதும் துண்டுதுண்டாக உடைவது நன்கு தெரிந்த விஷயம்.

7. சுவர் எங்கே கட்டப்படுகிறது: ஒளிரும் சாயங்கள்

இரண்டு சாயங்கள் புழக்கத்தில் உள்ளன. ஹாடா என்பது ஒளிரும் டி-அமினோ அமிலம். டிரான்ஸ்பெப்டிடேஸ்கள் அதைப் பெப்டிடோகிளைக்கானில் கோத்துவிடும். ஒளிரும் வான்கோமைசின், சுவரின் பெப்டைடு நுனியில் உள்ள டி-அலனின்–டி-அலனின் ஜோடியில் ஒட்டும்.

அனபீனா தானாகவே சிவப்பில் பலமாக ஒளிரும். ஹாடா நீலத்திலும் வான்கோமைசின் பச்சையிலும் ஒளிர்வதால் தப்பிக்கலாம், ஆனால் சாயம் போடாத சாம்பிளை அதே அமைப்பில் முதலில் படமெடுக்க வேண்டும். இறக்கும் செல்களும் குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய செல்களும் பச்சையிலும் ஒளிரும். பட்டினியில் வாடும் மியூட்டன்ட்டில் இறந்த செல் அதிகம் என்பதை மறக்காதீர்கள்.

வைல்ட் டைப்பில் பிரியும் செல்களின் நடுவே பிரகாசமான வளையமோ கோடோ தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் சாயமிடும் முறையே சரியில்லை, மியூட்டன்ட்டைப் பார்க்காதீர்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. ஒளிர்வு கூடினால் உற்பத்தி கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறிய வகைப் பெனிசிலின் பிணைப்புப் புரதங்கள் பல கார்பாக்சிபெப்டிடேஸ்கள். பெப்டைடின் கடைசி டி-அமினோ அமிலத்தை வெட்டி எடுப்பதே அவற்றின் வேலை. அப்படி ஒன்று இல்லாமல் போனால் கோக்கப்பட்ட ஹாடா வெட்டப்படாமல் தங்கும், வான்கோமைசினுக்கும் ஒட்டும் இடம் கூடும். உற்பத்தி துளியும் மாறாமலே இழை முழுவதும் பளபளக்கும். இதைப் பிரித்தறிய, சாயத்தைச் சில நிமிடம் மட்டும் கொடுத்து உடனே கழுவிய சாம்பிளையும், நீண்ட நேரம் கொடுத்துக் கழுவிச் சாயமின்றி வளரவிட்ட சாம்பிளையும் ஒப்பிடுங்கள். முதலாவதில் வேறுபாடு இல்லாமல் இரண்டாவதில் மட்டும் இருந்தால், மாறியது வெட்டும் வேலை.

ஹெட்டிரோசிஸ்ட்டின் தடித்த உறை சாயம் உள்ளே போவதையே தடுக்கலாம். முதிர்ந்த ஹெட்டிரோசிஸ்ட் இருளாகத் தெரிவதை "சுவர் உற்பத்தி இல்லை" என்று படிக்காதீர்கள். உறை படியும் முன், 6 அல்லது 9 மணியில் சாயமிட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

8. ஆக்சிஜன் கேள்வி

நைட்ரஜினேஸ் ஆக்சிஜனைத் தாங்காது. ஹெட்டிரோசிஸ்ட்டின் உறை இருப்பதே ஆக்சிஜன் நுழைவைக் குறைக்கத்தான். ஆகவே அசிட்டிலீன் ஒடுக்கச் சோதனையை (நைட்ரஜினேஸ் அசிட்டிலீனை எத்திலீனாக்கும் அளவைப் பார்ப்பதை) இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஒன்று காற்றில். மற்றொன்று ஆர்கான் நிரப்பி, ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவராதபடி டிசிஎம்யூ சேர்த்து.

காற்றில் எத்திலீன் இல்லை, ஆர்கானில் இருக்கிறது என்றால் என்சைம் நன்றாக இருக்கிறது, தடுப்புதான் ஒழுகுகிறது. இரண்டிலும் இல்லையென்றால் சிக்கல் இன்னும் முன்கட்டத்தில். பெனிசிலின் பிணைப்புப் புரதம் ஒன்றின் ஜீனான பிபிபி-பி, காற்றுள்ள நிலையில் நைட்ரஜனை நிலைநிறுத்த அனபீனாவுக்குத் தேவை என்று 2001-இல் வெளியான கட்டுரை சொன்னது. "காற்றுள்ள நிலையில்" என்ற அந்த அடைமொழியை எழுத இந்த இரட்டைச் சோதனை வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் செய்துவிட்டு வருகிறவர்களால் அந்த வாக்கியத்தை எழுத முடியாது.

எண்ணை குளோரோஃபில் அளவுக்குச் சமன் செய்யும்போது, பட்டினி கிடந்த மியூட்டன்ட்டில் குளோரோஃபிலே குறைந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, புரத அளவுக்கும் ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள்.

9. செல்லிலிருந்து செல்லுக்கு வழி இருக்கிறதா

அனபீனா இழையில் வெளிச்சவ்வு குறுக்குச்சுவருக்குள் நுழைவதில்லை. அண்டைச் செல்கள் இரண்டுக்கும் நடுவே பெப்டிடோகிளைக்கான் தட்டு இருக்கிறது. அதில் நுண்துளைகள் உள்ளன, அவற்றின் ஊடே செல்களை இணைக்கும் சந்திப்புகள் போகின்றன. நாஸ்டாக் பங்டிஃபார்மியில் சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளைகள் ஒரு தட்டில் 150 வாக்கில் எண்ணப்பட்டன. அந்தத் துளைகளைப் போடுவது அமிசி வகை அமிடேஸ்கள். சுவரை வெட்டும் என்சைம் செல் வேறுபாட்டில் தலையிடும் வழி இதுதான்: துளை இல்லையென்றால் பாதை இல்லை.

பாதையைச் சோதிக்க கால்சீன் என்ற சாயம். எஸ்டர் வடிவில் ஒளிராமல் செல்லுக்குள் போய், உள்ளே வெட்டுப்பட்டு ஒளிரும். ஒரு செல்லின் ஒளிர்வை லேசரால் அழித்துவிட்டு, பக்கத்துச் செல்களிலிருந்து சாயம் வந்து அது மீள்கிறதா என்று பாருங்கள். முழு இழையையும் அழித்த கண்ட்ரோல் கட்டாயம். அதிலும் ஒளிர்வு மீண்டால் உங்கள் செல் புதிதாகச் சாயத்தை வெட்டிக்கொண்டிருக்கிறது, நன்றாகக் கழுவவில்லை.

உடல செல்லை உடல செல்லோடு ஒப்பிடுங்கள். ஹெட்டிரோசிஸ்ட்டுக்குள் போகும் வேகம் வைல்ட் டைப்பிலேயே குறைவு. முக்கியமாக, அளவீட்டை நைட்ரேட்டில் வளர்ந்த கல்ச்சரிலும் செய்யுங்கள். பட்டினிக்கு முன்பே பாதை அடைபட்டிருந்தால், பிற்பாடு ஹெட்டிரோசிஸ்ட் வராதது அதன் விளைவாக இருக்கலாம். பட்டினியில் மட்டும் அடைபட்டால் வரிசை தலைகீழ்.

துளைகளை எண்ண, சுவரை எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைப் பொருளில் கொதிக்கவைத்துத் தனியே எடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. கால்சீன் சோதனையில் வேறுபாடு தெரிந்தால் மட்டும் இறங்குங்கள்.

10. ஜீனைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்

நீக்கிய ஜீனைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் சரியாக வேண்டும். சொந்தப் புரோமோட்டரோடு கொடுப்பதே நல்லது. அனபீனாவில் தானே பெருகும் பிளாஸ்மிடில் வைத்தால் புரதம் அளவுக்கு மீறி உருவாகலாம், சுவர் என்சைம் மிகுந்தாலும் இழை கெடும். "திருப்பிக் கொடுத்தும் சரியாகவில்லை" என்ற புகாரில் பாதி இந்த வகை. பெட்ஈ புரோமோட்டராக இருந்தால் காப்பரைப் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏற்றிப் பாருங்கள்.

அடுத்து, என்சைம் வேலை செய்யாத வடிவம் ஒன்றையும் கொடுங்கள். பெனிசிலின் பிணைப்புப் புரதமாக இருந்தால், வினை மையத்தின் செரினை அலனினாக மாற்றியது. அதுவும் சரிசெய்துவிட்டால் அந்தப் புரதத்தின் பங்கு சுவரைக் கட்டுவதில் இல்லை, மற்றப் புரதங்களைப் பிடித்து நிறுத்துவதில் இருக்கலாம். மாற்றிய புரதம் உண்மையிலேயே உருவாகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காணும் முறையில்) உறுதி செய்யாமல் அந்த முடிவுக்குப் போக முடியாது.

ஒளிரும் புரதத்தை ஒட்டுவதாக இருந்தால் எந்த நுனி சைட்டோபிளாசத்தில் இருக்கிறது என்று பார்த்து அங்கே ஒட்டுங்கள். வழக்கமான ஜிஎஃப்பி (பச்சை ஒளிர் புரதம்) பெரிப்பிளாசத்தில் (உட்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் இடையில்) சரியாக மடியாது, ஒளிராது. அங்கேதான் ஒட்ட முடியும் என்றால் சூப்பர்ஃபோல்டர் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஒட்டிய புரதம் மியூட்டன்ட்டைக் குணப்படுத்துகிறதா என்று பிஜி-11 பூஜ்யப் பிளேட்டில் பார்த்தபின்தான் அது எங்கே ஒளிர்கிறது என்பதைப் படமெடுக்க வேண்டும்.

மியூட்டன்ட், திருப்பிக் கொடுத்தது, வைல்ட் டைப் மூன்றையும் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். நைட்ரேட் பிளேட்டில் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்த கல்ச்சரில், ஹெட்டிரோசிஸ்ட் உருவாக்க முடியாத வகைகள் தாமாகவே தோன்றித் தங்கிவிடும். நைட்ரேட்டில் அவற்றுக்கு எந்த இழப்பும் இல்லை. ஒவ்வொரு சோதனைத் தொடருக்கும் ஃபிரீசரிலிருந்து புதிதாக எடுத்து, வைல்ட் டைப் 24 மணியில் ஒழுங்கான இடைவெளியில் ஹெட்டிரோசிஸ்ட் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.